வீட்டுல கட்டின விமானத்தோட ஹைட்ராலிக் கியர்: திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

நான் பொறந்து வளர்ந்தது கோயம்புத்தூர் பக்கம், பம்ப்செட் சத்தம் கேட்டே தூங்கினவன். இப்ப இருக்கறது அமெரிக்காவுல ஒஹாயோ. இங்க ஒரு சின்ன ஏர்போர்ட்டுல, பக்கத்து ஹேங்கர் பெரியவர் ஒருத்தரும் நானும் சேர்ந்து, யாரோ பாதியில விட்டுட்டுப் போன லான்ஸேர் 360 விமானக் கிட்டை (பாகங்களா வர்றதை நாமளே சேர்த்துக் கட்டறது) வாங்கி ஆறு வருஷம் மல்லுக்கட்டி பறக்கவிட்டோம். அதுக்கப்புறம் கிட் வாங்கின நம்ம ஆளுங்க, வாங்கலாமான்னு யோசிக்கறவங்க, சும்மா ஆர்வத்துல கேக்கறவங்கன்னு போன் வந்துட்டே இருக்கு, எல்லாரும் கேக்கறது பெரும்பாலும் கியர், அதாவது ஆயில் பிரஷர்ல மடங்கி இறங்கற சக்கர அமைப்பு, அது பத்திதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் எழுதி வெச்சுட்டேன். பிரஷர் எவ்வளவு, எந்த ஸ்பீடுல இறக்கணும் மாதிரி எண்ணெல்லாம் உங்க கிட்டோட மேனுவல்ல இருக்கறதுதான் செல்லும், நான் சொல்றது எப்படித் தேடறதுங்கறது மட்டும்.

அண்ணா, முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லுங்களேன்?

ஒரு எலக்ட்ரிக் மோட்டார், அதுல ஒரு சின்ன பம்ப், அது கூடவே ஒட்டின மாதிரி ஒரு ஆயில் டேங்க், இந்த மூணையும் சேர்த்து பவர் பேக்னு சொல்லுவாங்க. மோட்டார் ஒரு பக்கம் சுத்தினா ஆயில் மேல தூக்கற லைன்ல போகும், திருப்பிச் சுத்தினா இறக்கற லைன்ல போகும். மூணு சக்கரத்துக்கும் மூணு சிலிண்டர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கமும் ஆயில். பிரஷர் போதுமான அளவு ஏறினதும் பிரஷர் சுவிட்ச் ரிலேக்கு (மோட்டாருக்குக் கரண்ட் விடற பெரிய சுவிட்ச்) போற கரண்ட்டை கட் பண்ணும், மோட்டார் நிக்கும்.

இதுல மனசுல வெச்சுக்க வேண்டியது ஒண்ணுதான். சக்கரம் கீழ இருக்கும்போது இரும்பு பூட்டு புடிச்சிருக்கு, ஓவர் சென்டர்னு சொல்லுவாங்க, முழங்காலை நல்லா நீட்டி கொஞ்சம் பின்னாடி தள்ளி நின்னா கால் மடங்காம பூட்டிக்குதுல்ல, அதே கதை. ஆனா மேல போனதுக்கப்புறம் எங்க லான்ஸேர்ல பூட்டு கிடையாது, ஆயில் பிரஷர் மட்டும்தான் தூக்கிப் புடிச்சிட்டு இருக்கு. ஃபேக்டரியில வர்ற பைப்பர் ஏரோவும் அப்படித்தான். பிரஷர் போச்சுன்னா, எதுவும் இடிக்காத வரைக்கும் சக்கரம் கீழ வரும், மேலயே மாட்டிக்காது. பாதி தகராறு, அதே சமயம் பாதி பாதுகாப்பு, ரெண்டுமே இதுல இருந்துதான் வருது.

கியர் தகராறு பண்ணுது ப்ரோ, எதுல இருந்து ஆரம்பிக்கறது? பம்ப் மாத்திடவா?

மாத்தாதீங்க. பம்ப்தான் சத்தம் போடுது, அதனால எல்லாரும் அது மேலயே பழியைப் போடறாங்க. என்கிட்ட வந்த கேஸ்ல பம்ப்பே கெட்டுப்போனது ரொம்பக் கம்மி. கரண்ட், ஆயில், இரும்பு, இந்த மூணுல எதுல கோளாறுன்னு முதல்ல பிரிங்க. மோட்டார் சுத்தலயா, இல்ல மெதுவா சுத்துதா, அப்ப கரண்ட். மோட்டார் நல்லா சுத்துது ஆனா பிரஷர் ஏறல இல்ல நிக்கல, அப்ப ஆயில். பிரஷர் இருக்கு ஆனா சக்கரம் நகரல, அப்ப ஏதோ இடிக்குது, வளைஞ்சிருக்கு, இறுகியிருக்கு.

இதுக்கு ரெண்டு பொருள் போதும். ஒண்ணு, ரெண்டு லைன்லயும் ஒவ்வொரு பிரஷர் கேஜ். இன்னொண்ணு, மோட்டார் டெர்மினல்ல இருந்து நேரா டேஷ்போர்டுக்கு வயர் இழுத்து ஒரு சின்ன லைட். எஞ்சின் சத்தத்துல பம்ப் ஓடறது காதுல விழாது, லைட் இருந்தா எப்ப ஓடுது எவ்வளவு நேரம் ஓடுதுன்னு கண்ணுக்குத் தெரியும். நாங்க அந்த லைட்டைப் போட்டது ரெண்டு வருஷம் கழிச்சுத்தான், முன்னாடியே போட்டிருந்தா எவ்வளவோ மிச்சம்.

அப்புறம் ஜாக். விமானத்தை ஜாக்ல ஏத்தி, வாலைத் தனியா கட்டி வெயிட் வெச்சு, அப்புறம்தான் கியர் சுவிட்ச்சைத் தொடணும். ஒருத்தர் காக்பிட்ல, ஒருத்தர் வெளிய, வெளிய இருக்கறவர் வாய்விட்டு "சரி"ன்னு சொல்லாம உள்ள இருக்கறவர் கை வைக்கக்கூடாது. கியர் கதவு கத்திரி மாதிரி மூடும், விரலைப் பார்த்துக்காது.

எந்த ஆயில் ஊத்தணும்? கார் பிரேக் ஆயில் ஊத்தலாமா, அதுவும் ஹைட்ராலிக்தானே?

ஊத்தவே ஊத்தாதீங்க. இந்த சிஸ்டம்ல ஊத்தறது மில்-ஹெச்-5606ங்கற சிவப்புக் கலர் மினரல் ஆயில். இதுக்கு ஏத்த ஓ-ரிங் (ஆயில் கசியாம அடைக்கற வளையம்) நைட்ரைல் ரப்பர். கார் பிரேக் ஆயில், அதான் டாட் 3, டாட் 4 எல்லாம் வேற ஜாதி, அது பட்டா நைட்ரைல் ஊதி கூழாயிடும். அதுக்கு நேர் எதிர், கார் பிரேக்குக்குப் போடற இ.பி.டி.எம். ரப்பரை இங்க போட்டா இந்த ஆயில்ல அது ஊதிடும். எங்க பெரியவர் ஒரு ஞாயித்துக்கிழமை அவசரத்துக்கு ஆட்டோ ஸ்பேர் கடையில ஓ-ரிங் வாங்கிப் போட்டாரு, சைஸ் கரெக்ட்டா இருந்துச்சு, பத்து நாள்ல பிஸ்டன் சிலிண்டருக்குள்ள நகரவே மாட்டேன்னுடுச்சு. கழட்டிப் பார்த்தா ஓ-ரிங் உளுந்துவடை மாதிரி உப்பியிருந்துச்சு.

இன்னொரு விஷயம், கார் ஆட்டோ கியர் ஆயிலும் சிவப்புதான், அதனால கலரைப் பார்த்து நம்பாதீங்க, டப்பாவுல இருக்கற நம்பரைப் படிங்க. 83282னு ஒண்ணு இருக்கு, அது சீக்கிரம் தீப்பிடிக்காது, 5606 கூட கலக்கலாம், ஆனா கடுங்குளிர்ல கொஞ்சம் கெட்டியாகும். பெரிய ஜெட்டுக்கு ஊத்தற ஊதாக்கலர் ஆயிலை யாராவது ஓசியில குடுத்தா வாங்காதீங்க, அதுவும் நைட்ரைலைக் கரைச்சிடும்.

டேங்க்கை ஃபுல்லா ஊத்தி வெச்சேன், ஒரு தடவை கியர் போட்டதும் வென்ட் (டேங்க்கோட காத்துத் துளை) வழியா கொட்டுது, ஏன்?

சிலிண்டர்ல ராடு வெளிய இருக்கும்போது உள்ள இடம் ஜாஸ்தி, ஆயில் ஜாஸ்தி புடிக்கும். ராடு உள்ள போனா அது இடத்தை அடைச்சுக்கும், மிச்ச ஆயில் டேங்க்குக்குத் திரும்பி வரும். அதனால டேங்க் லெவல் சக்கரம் மேல இருக்கா கீழ இருக்காங்கறதைப் பொறுத்து மாறும். மேனுவல்ல எந்தப் பொசிஷன்ல பார்க்கச் சொல்லியிருக்கோ அதுல மட்டும் பாருங்க. கொட்டினதைத் துடைச்சுட்டு விட்டுடுங்க, திரும்ப ஊத்தாதீங்க.

காலைல மாஸ்டர் சுவிட்ச் போட்டதும் பம்ப் டர்ருன்னு ஒரு செகண்டு ஓடி நிக்குது. லீக்கா?

இல்ல, சாதாரணம். ராத்திரி குளிர்ல ஆயில் சுருங்கி பிரஷர் இறங்கியிருக்கும், சுவிட்ச் போட்டதும் விட்டதைப் புடிச்சுக்குது. ஒரு செகண்டு, ரெண்டு செகண்டுன்னா கவலையே வேண்டாம். பத்து செகண்டு ஓடினா இல்ல ஒவ்வொரு தடவையும் நேரம் கூடிக்கிட்டே போனா அடுத்த கேள்வியைப் படிங்க.

ஆனா இதுல ஒரு எச்சரிக்கை இருக்கு. மாஸ்டர் ஆன்ல இருந்தா பம்ப் எப்ப வேணா தானா ஓடும்னு அர்த்தம். சக்கரத்துக்கிட்ட கையை வெச்சு வேலை பார்க்கறதுக்கு முன்னாடி மாஸ்டர் ஆஃப், பம்ப் பிரேக்கரும் (கரண்ட்டை கட் பண்ற பட்டன்) வெளிய இழுத்திருக்கணும்.

பறக்கும்போது சும்மா சும்மா பம்ப் ஓடுது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. இது எதனால?

எனக்கு அதிகமா வர்ற கேள்வியே இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். சக்கரம் மேல, பூட்டு இல்ல, பிரஷர் மட்டும்தான்னு முதல் பதில்லயே சொன்னேன்ல. பிரஷர் கொஞ்சம் இறங்கினதும் சுவிட்ச் பம்ப்பை எழுப்பும். அப்ப கேள்வி, பிரஷர் ஏன் இறங்குது? ரெண்டு காரணம். ஒண்ணு ஆயில் எங்கயோ தப்பிச்சுப் போகுது, இன்னொண்ணு ஆயில் எங்கயும் போகல, குளிர்ல சுருங்குது, அவ்வளவுதான்.

குளிர்ங்கறது சின்ன விஷயம் இல்ல. ஆயிலை அரை சதவீதம் அமுக்கறதுக்கே சுமார் 1000 பி.எஸ்.ஐ. பிரஷர் வேணும், அவ்வளவு விறைப்பு அது. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க, அரை சதவீதம் சுருங்கினாலே 1000 பி.எஸ்.ஐ. காலி. அடைச்சு வெச்ச ஆயில் ஒரு டிகிரி குளிர்ந்தா கணக்குப்படி 100 பி.எஸ்.ஐ.க்கு மேல குறையணும், ஹோஸ் கொஞ்சம் விரிஞ்சு சுருங்கிக் குடுக்கறதால நிஜத்துல அவ்வளவு குறையாது, ஆனாலும் நிறையவே குறையும். ஆயிரம் அடி ஏறினா வெளிய ரெண்டு டிகிரி குளிரும், அப்ப வெயில்ல நின்ன விமானம் எட்டாயிரம் அடிக்குப் போனா என்ன ஆகும்னு நீங்களே பார்த்துக்குங்க.

அதனால மணி பார்த்து எழுதுங்க. ஏறும்போது அடிக்கடி ஓடி, மேல போய் நேரா பறக்க ஆரம்பிச்சு இருபது முப்பது நிமிஷத்துல இடைவெளி நீண்டுக்கிட்டே போய் நின்னுடுச்சுன்னா, அது குளிர். விட்டுடுங்க. இடைவெளி மாறாம, ஒரே உயரத்துல ஒரு மணி நேரம் கழிச்சும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னா அது லீக். போன மாசம் பத்து நிமிஷம், இந்த மாசம் ஆறு நிமிஷம்னா ஓ-ரிங் போயிட்டிருக்கு, ஜாக்ல ஏத்துங்க.

வெளிய ஒரு சொட்டு ஆயில் கூட இல்ல சார், அப்புறம் எப்படி லீக்?

உள்ளுக்குள்ளயே ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகுது. போற வழி மூணு: சிலிண்டர்ல பிஸ்டன் ஓ-ரிங், பவர் பேக்ல இருக்கற செக் வால்வு, எமர்ஜென்சி டம்ப் வால்வு (அவசரத்துக்குத் திறந்தா பிரஷரை விட்டு சக்கரத்தைத் தானா விழ வைக்கறது). செக் வால்வுன்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம கெணத்து மோட்டாருக்குப் போடற ஃபுட் வால்வுதான். ஃபுட் வால்வுல ஒரு சின்ன இலைத் துணுக்கு மாட்டினா ராத்திரியோட ராத்திரி தண்ணி இறங்கி, காலைல குடம் குடமா ஊத்தி பிரைம் பண்ணுவோம்ல, இங்க அதே வேலையை ஒரு துளி டெஃப்லான் டேப் பண்ணும். அதனாலதான் ஃபிட்டிங் மரையில டேப் சுத்தாதீங்கன்னு கத்தறேன், அது பிஞ்சு உள்ள போய் வால்வுல உக்காந்துக்கும். பைப் மரைக்கு பேஸ்ட் மாதிரி இருக்கற சீலன்ட், அதுவும் முதல் ரெண்டு மரையை விட்டுட்டுத் தடவணும். விரிச்ச வாய் வர்ற ஏ.என். ஃபிட்டிங்குக்கு எதுவுமே வேண்டாம்.

மூணுல எதுன்னு கண்டுபுடிக்க: ஜாக்ல சக்கரத்தை முழுசா மேல தூக்கி பிரஷர்ல வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு சிலிண்டரா இறக்கற பக்கத்து லைனை மட்டும் மெதுவா கழட்டுங்க, கண்ணாடி போட்டுக்குங்க, அடியில கிண்ணம் வைங்க. கொஞ்சம் ஆயில் வந்து நின்னுடும். நிக்காம சொட்டிக்கிட்டே இருந்தா அந்த சிலிண்டர் பிஸ்டன் ஓ-ரிங் போச்சு. மூணுமே சுத்தமா இருந்தா டம்ப் வால்வை லைன்ல இருந்து எடுத்துட்டு மூடி போட்டுப் பாருங்க, தரையில டெஸ்ட்டுக்கு மட்டும், மூடியோட பறக்கறது தற்கொலை. அதுக்கப்புறமும் பிரஷர் இறங்கினா பவர் பேக். இந்த வரிசையில போனா ஒரு சனிக்கிழமையில முடிஞ்சிடும்.

கியர் சுவிட்ச் போட்டா பம்ப் ஓடவே இல்ல, இல்லன்னா முனகிக்கிட்டு மெதுவா ஓடுது.

இது என் சொந்த அவமானம், சொல்லிடறேன். எங்களுதுல பம்ப் மெதுவா ஓடி பிரேக்கர் தட்டிக்கிட்டே இருந்துச்சு. பெரியவர் வயரிங்கைப் பாருன்னாரு, நான் பம்ப் ஊருக்காரன்ங்கற திமிர்ல, மோட்டார் போச்சுன்னு சொல்லி புது பவர் பேக் வாங்கி மாட்டினேன். அதுவும் முனகுச்சு. கடைசியில பார்த்தா மைனஸ் வயர் முனையில இருக்கற லக் லூஸா இருந்து கருகியிருந்துச்சு. ஒரு நட்டு இறுக்க வேண்டிய இடத்துல ரெண்டு மாச சம்பள மிச்சம் போச்சு.

பொதுவா கார்லயும் தகர விமானத்துலயும் பாடியே எர்த். லான்ஸேர், கிளாஸேர், வெலாசிட்டி மாதிரி ஃபைபர்ல கட்டறதுல பாடியில கரண்ட் போகாது, மைனஸுக்கும் பேட்டரி வரைக்கும் தடிமனான வயர் இழுத்தாகணும், இதை மறந்துட்டு பிளஸ் பக்கம் மட்டும் நோண்டிட்டு இருப்பாங்க. மல்டிமீட்டரை எடுத்துக்குங்க, மோட்டார் ஓடிட்டிருக்கும்போதே பேட்டரி பிளஸ்ல ஒரு முனை, மோட்டார் பிளஸ்ல ஒரு முனை வெச்சுப் பாருங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா நடுவுல எங்கயோ அடைப்பு. மைனஸ் பக்கமும் அதே மாதிரி. நிறுத்தி வெச்சு அளந்தா எல்லாம் 12 வோல்ட்னு பொய் சொல்லும், லோடுல அளக்கணும். அப்புறம் ஜாக்ல டெஸ்ட் பண்ணும்போது சார்ஜர் போட்டு வைங்க, பேட்டரி இறங்கினதை பம்ப் கோளாறுன்னு நினைச்சுக்காதீங்க. நாலஞ்சு தடவைக்கு ஒருக்கா மோட்டாரை ஆற விடுங்க, அது தொடர்ந்து ஓடறதுக்குச் செஞ்சது இல்ல.

நேர் எதிரா, பம்ப் நிக்கவே மாட்டேங்குது?

கேஜைப் பாருங்க. பிரஷர் ஏறவே இல்லன்னா ஆயில் கம்மி இல்ல உள் லீக், மேல சொன்ன வேலைதான். பிரஷர் ஏறி ரிலீஃப் வால்வு (ஜாஸ்தி பிரஷரைத் திறந்து விடற வால்வு) அளவுல நின்னும் மோட்டார் ஓடிட்டே இருந்தா பிரஷர் சுவிட்ச் ஒட்டிக்கிச்சு, இல்ல ரிலே உள்ள காண்டாக்ட் உருகி ஒட்டிக்கிச்சு. ரிலேவோட சின்ன வயரைக் கழட்டுங்க, மோட்டார் நின்னா சுவிட்ச் குற்றவாளி, நிக்கலன்னா ரிலே. பறக்கும்போது இப்படி ஆச்சுன்னா பிரேக்கரை இழுத்து பம்ப்பை நிறுத்துங்க, ஆராய்ச்சி எல்லாம் தரையில.

இடது சக்கரம் முதல்ல போகுது, அப்புறம் வலது, மூக்கு கடைசி. மூணும் ஒண்ணா போக வேண்டாமா?

வேண்டாம். ஆயில் எங்க எதிர்ப்பு கம்மியோ அங்க முதல்ல போகும், வாய்க்கால்ல தண்ணி பள்ளத்துக்குப் போற மாதிரி. எந்தச் சக்கரம் லேசா நகருதோ அது முந்தும். வரிசை எப்பவும் ஒரே மாதிரி இருக்கான்னு மட்டும் பாருங்க, திடீர்னு ஒரு நாள் வரிசை மாறினா ஒண்ணு இறுக ஆரம்பிச்சிருக்கு, கிரீஸ் காஞ்சிருக்கும் இல்ல போல்ட் ஓவரா முறுக்கியிருக்கும். லான்ஸேர் 4 மாதிரி உள் கதவுக்கே தனி சிலிண்டர், வரிசைப்படி ஆயில் விடற சீக்வென்ஸ் வால்வு எல்லாம் இருக்கற விமானத்துல வரிசை ரொம்ப முக்கியம், அங்க நான் சொன்னது செல்லாது.

எல்லாத்தையும் கழட்டி மாட்டினேன், இப்ப சக்கரம் குலுங்கிக் குலுங்கிப் போகுது. ஏர் எடுக்கறது எப்படி?

ரெண்டு பக்கமும் ஆயில் ஓடற சிலிண்டர்ங்கறதால ஜாக்ல ஏழெட்டு தடவை மேல கீழ போட்டா ஏர் தானா டேங்க்குக்கு வந்து வெளிய போயிடும், டேங்க் மட்டும் காலியாகாம பார்த்துக்கணும். ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, ரொம்பப் பேர் தடுமாறற இடம். சிலிண்டர் சின்னது, லைன் நீளமா இருந்தா, ஒரு தடவை போட்டா நகர்ற ஆயில் லைன்ல இருக்கற ஆயிலை விடக் கம்மியா இருக்கும். அப்ப ஏர் குமிழ் லைனுக்குள்ளயே முன்னயும் பின்னயும் ஊஞ்சல் ஆடிட்டு இருக்கும், டேங்க்கை வந்து சேரவே சேராது, நூறு தடவை போட்டாலும். அந்த சிலிண்டர் முனையில ஃபிட்டிங்கை லேசா தளர்த்தி, குமிழ் நின்னு சுத்தமான ஆயில் வர்ற வரைக்கும் கொஞ்சமா தள்ளித்தான் எடுக்கணும். பெரும்பாலும் மூக்குச் சக்கரம்தான் இப்படி அழும், இல்லன்னா பம்ப்ல இருந்து ரொம்ப தூரத்துல இருக்கறது.

ஃபிட்டிங்ல லேசா ஈரம், கையை வெச்சுத் தடவிப் பார்த்து லீக் எங்கன்னு கண்டுபுடிக்கலாமா?

பிரஷர் இருக்கும்போது கையை வைக்காதீங்க, கையுறை போட்டும் வைக்காதீங்க. ஊசி முனை ஓட்டையில இருந்து வர்ற ஆயில் கண்ணுக்கே தெரியாம தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய கொசு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி, வலி கூட முதல்ல இருக்காது, உள்ள சதை அழுகி விரலையே எடுக்கற அளவுக்குப் போகும். பட்டுடுச்சுன்னா உடனே ஆஸ்பத்திரி எமர்ஜென்சி, ஹைட்ராலிக் ஆயில் ஏறியிருக்குன்னு சொல்லணும். லீக் பார்க்க அட்டைத் துண்டு காட்டுங்க, ஈரமாச்சுன்னா அங்கதான்.

ஃபிட்டிங் ஈரத்துக்கு இன்னும் இறுக்கறது மருந்து இல்ல. விமான ஃபிட்டிங்ல வாய் விரிப்பு 37 டிகிரி, கார் கடையில கிடைக்கற டூல் 45 டிகிரி. அதுல விரிச்சா மாட்டிக்கும், இறுகும், ஆனா ஒரு கோட்டுல மட்டும்தான் உக்காந்திருக்கும், கொஞ்ச நாள்ல கசியும், அப்புறம் விரிசல் விடும்.

பச்சை லைட் எரியல, ஆனா எட்டிப் பார்த்தா சக்கரம் கீழதான் இருக்கு. நம்பி இறங்கலாமா?

சக்கரம் கீழ இருக்கறது வேற, பூட்டியிருக்கறது வேற, பச்சை லைட் சொல்றது பூட்டினதை. முதல்ல பக்கத்து பல்பை மாத்திப் போடுங்க, பகல்ல டிம்மர் குறைச்சு வெச்சிருக்கான்னு பாருங்க, பாதி நேரம் அதுதான். அதுவும் இல்லன்னா பூட்டலன்னு வெச்சுக்கிட்டு மேனுவல் படி எமர்ஜென்சி முறையில போங்க.

இதை விட மோசமானது இன்னொண்ணு இருக்கு, யாரும் கேக்க மாட்டாங்க, நானே சொல்லிடறேன். பச்சை எரியுது ஆனா பூட்டல. கட்டும்போது மைக்ரோ சுவிட்ச்சை வசதியா இருக்குன்னு காலோட பக்கத்துல மாட்டியிருப்பாங்க, கால் கிட்டத்தட்ட கீழ வந்ததுமே அது அமுங்கிடும். சுவிட்ச் அந்த முழங்கால் பூட்டைத்தான் பார்க்கணும், காலைப் பார்க்கக்கூடாது. ஜாக்ல பூட்டை கையால ஒரு நூல் அளவு விடுவிச்சுப் பாருங்க, பச்சை உடனே அணையணும். அணையலன்னா அந்த பச்சையை நம்பறதுக்குப் பதிலா நெத்தியில திருநீறு பூசிட்டு இறங்கலாம்.

டேக் ஆஃப் ஆனதும் கியர் தூக்கினா ஒண்ணுமே நடக்கல. தரையில ஜாக்ல வெச்சா ஜம்முன்னு வேலை செய்யுது.

ஜாக்ல டெஸ்ட் பண்ணும்போது ஏர் ஸ்பீடு சுவிட்ச்சை பைபாஸ் பண்ணியிருப்பீங்க. தரையில ஓடும்போது யாராவது தெரியாம கியர் சுவிட்ச்சைத் தூக்கினா வயித்துல உக்காரக்கூடாதுன்னு, பிட்டாட் குழாய் (எதிர்க்காத்தை வாங்கி வேகத்தை அளக்கறது) காத்துல வேலை செய்யற ஒரு சுவிட்ச் போடுவாங்க, குறிப்பிட்ட வேகம் வந்தாத்தான் தூக்க விடும். பிட்டாட் லைன்ல லீக் இருந்தாலோ குழாயில பூச்சி கூடு கட்டியிருந்தாலோ அது விடாது. ஸ்பீடு மீட்டர் ஒழுங்கா காட்டுதான்னு பாருங்க, அதுவும் கம்மியா காட்டினா இது கியர் பிரச்சனையே இல்ல.

இதே மாதிரி, ஜாக்ல சரியா இறங்குது, வானத்துல மட்டும் மூக்குச் சக்கரம் பூட்ட மாட்டேங்குது?

ஜாக்ல காத்து இல்லையே. லான்ஸேர் 360 மூக்குச் சக்கரம் பின்னாடி மடங்கறது, இறங்கும்போது எதிர்க்காத்தைத் தள்ளிக்கிட்டு முன்னாடி வரணும். அதுக்கு உதவியா ஒரு கேஸ் ஸ்ட்ரட் இருக்கு, கார் டிக்கிக் கதவைத் தூக்கிப் புடிக்குமே, அது மாதிரி. வருஷம் ஆக ஆக அதுல கேஸ் இறங்கும். குளிர்லயும் வலு குறையும், 30 டிகிரியில இருந்து மைனஸ் 10க்குப் போனாலே கேஸ் பிரஷர் சுமார் 13 சதவீதம் காலி. அதனால கோடையில பாஸ் ஆனது ஜனவரியில ஃபெயில் ஆகும், ஒஹாயோவுல எங்களுக்கே ஆச்சு. வருஷா வருஷம் பம்ப் பிரேக்கரை இழுத்துட்டு, டம்ப் வால்வை மட்டும் திறந்து மூணும் தானா விழுந்து பூட்டுதான்னு பார்க்கணும், மூக்குச் சக்கரத்தை மட்டும் மீன் எடை போடற தராசுல பின்னாடி இழுத்துப் புடிச்சுக்கிட்டுப் பாருங்க. ஸ்ட்ரட்டை காசு பார்க்காம மாத்துங்க. பம்ப்பை விட இதுதான் உங்களைக் காப்பாத்தறது.

ஜாக்ல சரியா இருந்து வானத்துல மட்டும் தகராறு பண்ற இன்னொண்ணு டயர், இது இடிச்சா சக்கரம் மேலயே மாட்டிக்கும். சுத்தற டயர் கொஞ்சம் பெருசாகும், தூக்கறதுக்கு முன்னாடி பிரேக்கை லேசா அமுக்கி நிறுத்துங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் டயர் மாத்தினாரு, அதே சைஸ் நம்பர்தான், ஆனா புது டயர் நாலு மில்லிமீட்டர் அகலம். ஜாக்ல தட்டாம போச்சு, பறந்ததும் சக்கரக் குழிக்குள்ள போய் ஆப்பு அடிச்ச மாதிரி உக்காந்துக்கிச்சு. டயர் மாத்தினா சுத்தி எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்துட்டுத்தான் பறக்கணும்.

பம்ப் அடிக்கடி ஓடறதுக்கு அக்யூமுலேட்டர் போட்டுட்டா சரியாயிடுமாமே?

குளிர்ல சுருங்கறதுக்கு நல்ல வைத்தியம், உள்ள ஒரு கேஸ் மெத்தை இருக்கறதால ஆயில் கொஞ்சம் சுருங்கினாலும் பிரஷர் சட்டுன்னு விழாது. ஆனா லீக் இருக்கற சிஸ்டத்துல போட்டா லீக்கை மறைக்கத்தான் செய்யும், முதல்ல லீக்கை அடைங்க. உள்ள நைட்ரஜன் மட்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர் கையில இருக்குன்னு அதை அடிச்சா, ஆயிலும் ஆக்ஸிஜனும் பிரஷர்ல சேர்ந்தா வெடிக்கும். இன்னொண்ணு, அக்யூமுலேட்டர் இருந்தா மாஸ்டர் ஆஃப் பண்ணினாலும் லைன்ல பிரஷர் இருக்கும், ஃபிட்டிங் கழட்டறதுக்கு முன்னாடி டம்ப் பண்ணுங்க.

தம்பி, இதையெல்லாம் நாமளே பண்ணலாமா, லைசென்ஸ் மெக்கானிக் வேண்டாமா?

அமெரிக்காவுல எக்ஸ்பெரிமென்ட்டல் அமெச்சூர் பில்ட்னு பதிவான விமானத்துல ரிப்பேர் யார் வேணா பண்ணலாம். வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிஷன் இன்ஸ்பெக்ஷன் மட்டும், பொதுவா ஒண்ணு லைசென்ஸ் வாங்கின ஏ அண்ட் பி மெக்கானிக் கையெழுத்துப் போடணும், இல்ல கட்டினவர் அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.கிட்ட அந்த விமானத்துக்குன்னு ரிப்பேர்மேன் சர்ட்டிஃபிகேட் வாங்கியிருக்கணும். ஒரு விமானத்துக்கு ஒருத்தருக்குத்தான் குடுப்பாங்க, எங்க ரெண்டு பேருல பெரியவர் வாங்கினாரு, அதனால வருஷா வருஷம் அவர் காபிக்கு நான்தான் காசு. சட்டம் விடுதுங்கறதுக்காக தனியா பண்ணாதீங்க, வீட்டுல விமானம் கட்டறவங்களோட இ.ஏ.ஏ. சங்கத்துல டெக்னிக்கல் கவுன்சிலர்னு அனுபவசாலிங்க இருக்காங்க, கூப்பிட்டா வந்து பார்ப்பாங்க.

இவ்வளவு தலைவலிக்கு மடங்காத சக்கரமே வெச்சுட்டா என்ன?

நல்ல கேள்வி, கட்டறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். வேன்ஸ் ஆர்.வி. கிட் எல்லாமே மடங்காத சக்கரம்தான், ஆயிரக்கணக்குல பறக்குது, அவங்க யாரும் எனக்கு போன் பண்றது இல்ல. எங்களுக்கு வேகம் வேணும்னு ஆசை, அனுபவிக்கறோம்.

டம்ப் வால்வு திறந்து சக்கரத்தை இறக்கி மூணு பச்சையும் வந்துடுச்சு. இப்ப வால்வை மூடிட்டு பிரேக்கரை உள்ள தள்ளலாமா, டாக்ஸி பண்ணணுமே, அதான் தரையில ஓட்டிட்டுப் போகணுமே?

தொடாதீங்க. இப்ப கால் நிக்கறது பூட்டுல, ஆயில்ல இல்ல. எது கெட்டுப்போய் இந்த நிலைமைக்கு வந்தோம்னு இன்னும் தெரியாது. மேல சொன்ன மாதிரி ரிலே ஒட்டியிருந்து, அதுவும் தூக்கற பக்கத்து ரிலேவா இருந்துச்சுன்னா, நீங்க வால்வை மூடி பிரேக்கரைத் தள்ளின அடுத்த செகண்டு பம்ப் பூட்டை உடைச்சு சக்கரத்தை மடக்கப் பார்க்கும், ரன்வே நடுவுலயே. வால்வு திறந்தபடி இருக்கட்டும், பிரேக்கர் வெளிய இருக்கட்டும், கியர் சுவிட்ச் கீழ். அப்படியே மெதுவா, கூர்மையா திருப்பாம, ஹேங்கர் வரைக்கும் போங்க, முடிஞ்சா ரன்வேயை விட்டு வெளிய வந்ததும் நிறுத்திட்டு இழுத்துட்டுப் போங்க. இறங்கறதுக்கு முன்னாடி அந்த பிரேக்கர் கழுத்துல ஒரு சிவப்பு டேப்பைச் சுத்திடுங்க, ஜாக்ல ஏத்தறதுக்குள்ள உதவிக்கு வர்ற யாராவது "பிரேக்கர் தட்டியிருக்கே"ன்னு நல்ல மனசோட உள்ள தள்ளிடுவாங்க.